கீழ்வரியின் மேல் எழுந்த இசை

1602இல் ஃபிளாரன்ஸில் ஜூலியோ கச்சினி வெளியிட்ட ‘லெ நுவோவே மூசிக்கே’ என்ற பாட்டு நூலைப் புரட்டினால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இரண்டே வரிகள். மேல்வரி பாடகருக்கு, கீழ்வரியில் மந்தர சுரங்கள், அவற்றின் தலைமேல் ஆங்காங்கே சில எண்கள். சேர்த்து மீட்ட வேண்டிய சுரங்களுக்கு அவ்வளவுதான் குறிப்பு. மீதியைத் தெயோர்போ என்ற நீள்கழுத்து நரம்புக்கருவியோ ஹார்ப்சிகார்டோ வாசிப்பவர் அப்போதைக்கப்போது இட்டு நிரப்ப வேண்டும். பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய அறை இசை முழுக்க இந்த இரண்டு வரிகளிலிருந்து கிளம்பியது என்றால் மிகைதான். ஆனால் பெரிய பிழையில்லை.

முந்தைய தலைமுறையின் மாட்ரிகல்கள் என்ற பலகுரல் பாட்டுகளில் பெரும்பாலும் ஐந்து குரல்கள் சரிசமமாகப் பின்னிச் செல்லும். அந்தப் பின்னலில் சொல் கேட்காமல் போகிறது என்பது கச்சினி வட்டாரத்தின் மனக்குறை. அதனால் ஒற்றைக் குரலை முன்னே நிறுத்தினார்கள்.

மாந்துவாவிலும் பிறகு வெனிஸிலும் பணியாற்றிய மொன்டெவெர்டி இந்தப் புதுவழியை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதை 1638இல் வந்த அவருடைய எட்டாம் மாட்ரிகல் நூலில் காணலாம். அதிலுள்ள ‘லமென்டோ தெல்லா நின்ஃபா’வில், காதலன் கைவிட்ட பெண் ஒருத்தி புலம்புகிறாள். கீழே நான்கே சுரங்கள் படிப்படியாக இறங்குகின்றன. அவள் பாடி முடிக்கும்வரை அதே நான்கு, திரும்பத் திரும்ப. அவளோ அந்தச் சுழற்சிக்குள் அடங்குவதில்லை. அது முடியும் இடத்தில் தொடங்குகிறாள், தொடங்கும் இடத்தில் நிறுத்துகிறாள். கூடவே மூன்று ஆண்குரல்கள் இரங்குகின்றன. முன்னும் பின்னும் வரும் பகுதிகளைக் கையசைவின் தாளத்தில் பாட வேண்டும், புலம்பலை மட்டும் மனத்தின் வேகத்துக்கு விட்டுவிட வேண்டும் என்று அச்சிலேயே சொல்லியிருக்கிறார்.

அதே ஆண்டு வெளியான தார்குவினியோ மெரூலாவின் தாலாட்டு இன்னும் சிக்கனமானது. அதன் கீழ்வரிக்கு அரைச்சுர இடைவெளியில் இரண்டே சுரங்கள். குழந்தை இயேசுவை மரியாள் தூங்கவைக்கிறாள்; வரப்போகும் பாடுகள் அவள் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிகின்றன. தொட்டில் ஆட்டமாகத் தொடங்கும் அந்த இரண்டு சுரங்கள் போகப்போகத் தாங்க முடியாதவை ஆகின்றன. என் கணக்கில் இந்த நூற்றாண்டின் மிகத் துணிச்சலான பாட்டு இதுதான்.

1644 முதல் 1664 வரை எட்டுத் தொகுதிகள் வெளியிட்ட வெனிஸ்காரி பார்பரா ஸ்த்ரோட்சி, நாடக மேடைப் பக்கம் போகாமல் அறைக்கென்றே எழுதினார். கவிஞர் ஜூலியோ ஸ்த்ரோட்சியின் வீட்டில் வளர்ந்து, அவர் கூட்டிய கலைஞர் சபையில் பாடியவர். 1659இல் அச்சான ‘லாக்ரிமே மியே’வில் முதல் சொல்லே உச்சியில் நின்று, பிறகு விக்கி விக்கி இறங்குகிறது. பாடகியே எழுதினால்தான் இப்படி வரும்.

இசைக்கருவிகள் இந்தக் குரல்களைப் பார்த்தே பேசக் கற்றன. ஃப்ரெஸ்கோபால்தி தன் 1615ஆம் ஆண்டு தொக்காத்தா (விசைப்பலகைத் தனியிசை) நூலின் முன்னுரையில், புதிய மாட்ரிகல்களைப் பாடுவதுபோலத் தாளத்தைத் தளர்த்தியும் இறுக்கியும் வாசிக்கச் சொல்கிறார். தாரியோ காஸ்தெல்லோவின் சொனாட்டாக்கள் (1621, 1629) நாடகமே ஆடுகின்றன: ஓட்டம், திடீர் நிறுத்தம், தனி வயலினின் முறையீடு, மறுபடி ஓட்டம். இவருடைய வாழ்க்கை பற்றிக் கிடைப்பது சொற்பம்.

இவையெல்லாம் நெடுங்காலம் அலமாரியில் கிடந்தன. மாலிபியேரோ 1926இல் மொன்டெவெர்டியின் முழுத்தொகுப்பைப் பதிப்பிக்கத் தொடங்கினார். 1937இல் பாரிஸில் நாதியா பூலாஞ்சே மாட்ரிகல்களை இசைத்தட்டாக்கினார், துணைக்குப் பியானோ! இன்றைய குழுக்கள் தெயோர்போவுக்குத் திரும்பிவிட்டன. ஆனால் சில, மத்தளமும் கிதாரும் சேர்த்து எதையும் கொண்டாட்டமாக்கிவிடுகின்றன. சியாக்கோனா நடனத்துக்கு அது சரி, நின்ஃபாவின் புலம்பலுக்கு எதற்கு? சொனாட்டாக்களோ பாடகி தண்ணீர் குடிக்கும் இடைவேளைக்கு என்று ஆகிவிட்டன. காஸ்தெல்லோவை நிகழ்ச்சியின் நடுநாயகமாக வைத்துப் பாட்டுகளை அவரைச் சுற்றி அமைக்க ஏதாவது ஒரு குழு முன்வரலாம்.