புளிப்பும் காப்பியும்: நம் பரம்பரைகள் வகுத்த தரம்

புளிப்பு பீர் மரபுகளைப் பற்றி இந்த ஆண்டு மலருக்கு எழுதும்படி மலர்க்குழுவினர் பணித்தார்கள். தலைவரும் மூத்தவர்களும் கேட்டால் மறுக்கும் வழக்கம் நம் சங்கத்தில் இல்லை. லாம்பிக் எது, கெட்டில் சவர் எது என்று தொடக்கத்திலிருந்து விளக்கப் போவதில்லை, உறுப்பினர்கள் அறிந்ததே. சென்ற ஆண்டு விழாவில் கடைசியாகத் திறந்த காப்பிப் புளிப்பு பீரை முன்னிறுத்தி, ஒவ்வொரு பரம்பரையும் அதை எப்படி அளந்திருக்கும் என்று பார்க்கலாம். அன்று மேசையைச் சுற்றி எழுந்த வாதம் இன்னும் தீரவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்.

காப்பி பீர் என்றதும் கருநிற ஸ்டவுட்டை எதிர்பார்த்த சிலர், வெளிர்பொன் நிறத்தைக் கண்டு பாட்டில் மாறிவிட்டதோ என்று கேட்டார்கள். மாறவில்லை. கொட்டையைப் பொடிக்காமல் முழுதாக ஊறவைத்தால் மணம் இறங்கும், நிறம் பெரிதாக இறங்காது. ஓக் பீப்பாயில் முதிர்ந்த புளிப்பு பீரில், கழுவிப் பதப்படுத்திய எத்தியோப்பியக் கொட்டையை இளவறுப்பில் போட்டு, ஒரு நாள் ஊறியதும் எடுத்துவிட்டிருந்தார்கள். முகர்ந்தால் முதலில் எலுமிச்சைத் தோல், அடுத்து மல்லிகை, அதற்கும் பின்னால்தான் காப்பி. வாயில் லாக்டிக் புளிப்பு நேராக இறங்கியது. நடுவில் ஏப்ரிகாட் பழத்தின் சதைப்பற்று. கடைசியில் ஓக்கின் மெல்லிய துவர்ப்பு. வறுத்த கசப்பு எங்கும் தலைகாட்டவில்லை.

இதுவே இந்த பீரின் சிறப்பு. காப்பிக்கென்று சொந்தப் புளிப்பு உண்டு. சிட்ரிக், மாலிக் அமிலங்கள் பழத்திலிருந்தே வருபவை. வறுப்பு ஏற ஏற அவை கரைந்து போகின்றன, குளோரோஜெனிக் அமிலங்கள் சிதைந்து கசப்பு தலைதூக்குகிறது. புளிப்பு பீரின் பிஹெச் அளவு 3.2 முதல் 3.5 வரை நிற்கும். காப்பியுடையது 5ஐ ஒட்டியது. அவ்வளவு கூர்மையான புளிப்போடு கடும் கசப்பு மோதினால் நாக்கு இரண்டையும் வெறுக்கும். பிரஸ்ஸல்ஸ் சுற்றுவட்டாரத்து லாம்பிக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். அவர்கள் இரண்டு மூன்று ஆண்டு பழைய ஹாப்பைப் போடுவது எதற்காக? ஹாப்பின் காக்கும் குணம் வேண்டும், கசப்பு வேண்டாம் என்பதற்காகத்தான். கறுக்க வறுத்த காப்பியைப் புளிப்பு பீரில் கொட்டுபவர், பழைய ஹாப் தந்த பாடத்தைப் படிக்காதவர்.

இப்போது பரம்பரைகள். பெர்லின் வைஸ் மூன்று சதவீத ஆல்கஹாலை ஒட்டிய மெலிந்த கோதுமைப் புளிப்பு. ராஸ்பெர்ரி அல்லது வுட்ரஃப் பாகை கிண்ணத்திலேயே ஊற்றிக் குடிக்கும் வழக்கம் அங்கே உண்டு. அந்த வழி வந்தவர்கள் காப்பியையும் கடைசி நேரத்தில் கிண்ணத்தில்தான் சேர்ப்பார்கள். அதில் பிழை இல்லை. ஆனால் அது பருகுவோன் செய்யும் கலவை, வடிப்பவன் செய்தது அல்ல. லைப்சிக் நகரின் கோஸே, உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்ந்தது. 1966இல் அற்றுப்போய் 1980களில் மீட்கப்பட்டது. உப்பு கசப்பை அடக்கும் என்பதால் காப்பிக்கு அது நல்ல வீடு. இதை நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பல காலமாகச் சொல்லி வருகிறார். நாம்தான் காதில் வாங்கவில்லை.

ஃபிளாண்டர்ஸ் சிவப்பு வழி, ருசலாரே ஊரின் ரோடன்பாக் ஆலையும் அதன் ஆளுயரம் தாண்டிய ஓக் தொட்டிகளும் காத்துவந்தது. அங்கே அசிட்டிக் புளிப்பின் சாயல் குற்றம் ஆகாது, இலக்கணம். அதனாலேயே காப்பிக்கு அங்கே இடம் குறைவு என்பது என் எண்ணம். அந்த ஆலையிலிருந்த பீட்டர் புகார்ட் 1996இல் அமெரிக்காவின் நியூ பெல்ஜியம் ஆலைக்குப் போனபோது மரத்தொட்டி வித்தையும் கடல் கடந்தது. இன்று உலகெங்கும் நடக்கும் துணிச்சல்களுக்கு, இந்தக் காப்பிச் சோதனை உட்பட, அந்த அமெரிக்கக் கிளைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

என் பரம்பரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பிரஸ்ஸல்ஸுக்கு மேற்கே பாயோட்டன்லாண்டில் கூஸ் கலப்பாளர் ஒருவரிடம் பாடம் கேட்டவன் நான். தாமே வடிக்காமல், பலரிடமிருந்து லாம்பிக் வாங்கி, பீப்பாயில் முதிரவைத்து, ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டுச் சரக்கைச் சேர்த்துப் பாட்டிலில் மறுநொதிக்க விடும் தொழில் அவருடையது. வடிப்பதைவிடச் சுவைப்பதே அங்கே பெரிய வேலை. வாயில் வைத்ததும் யாராவது கருத்துச் சொன்னால் அவர் முகம் சுருங்கும். "விழுங்கு. மூக்கால் மூச்சு விடு. பிறகு பேசு" என்பார். காரணம் இருந்தது. பிரெட்டனோமைசஸும் லாக்டிக் பாக்டீரியாவும் சேரும் இடத்தில் எலிவாடை என்னும் குற்றம் வரக்கூடும். அது புளிப்பான பீரில் ஒளிந்திருந்து, விழுங்கியபின் உமிழ்நீர் புளிப்பைத் தணித்ததும்தான் வெளியே வரும். அவசரக்காரருக்கு அது ஒருபோதும் தெரியாது.

ஒருமுறை அவரிடம் காப்பியைப் பற்றிக் கேட்டேன். கிரீக்குக்கான சட்டமே இதற்கும் என்றார். செர்ரி போட்ட லாம்பிக்கில் செர்ரி முழுதாகக் கரைய வேண்டும். ஆனால் கண்ணை மூடிக் குடித்தாலும் இது லாம்பிக் என்று தெரிய வேண்டும். காப்பியும் பழத்தின் விதைதான், பழமாக வந்தால் வரட்டும், அடுப்பாக வரவேண்டாம் என்பது அவர் தீர்ப்பு. அந்த அளவுகோலை வைத்தே சென்ற ஆண்டு பீரை மதிப்பிட்டேன். அது காற்றிலிருந்து விழுந்த நுண்ணுயிரால் தானே நொதித்தது அல்ல. கூஸ் என்ற பெயரும் அதற்குக் கிடைக்காது. 1997 முதல் ‘ஔடே கூஸ்’ என்ற பெயருக்கு ஐரோப்பியச் சட்டக் காவல் இருப்பதை அறிவோம். ஆனாலும் என் ஆசான் அதை முகம் சுருங்காமல் குடித்திருப்பார்.

நம் வட்டத்தில் சிலர், டிகாக்‌ஷனையே ஊற்றினால் என்ன என்று கேட்டார்கள். ஊர்ப்பற்று புரிகிறது. ஆனால் சிக்கரி சேர்த்துக் கறுக்க வறுத்த நம் ஃபில்டர் காப்பியின் கசப்பு, பாலையும் சர்க்கரையையும் நம்பி வளர்ந்தது. பால் இல்லாத இடத்தில், அதிலும் புளிப்பின் நடுவில், அது அநாதை. ஏற்காட்டுக் கொட்டையையோ பாபாபுதன் மலைக் கொட்டையையோ இளவறுப்பில் முயன்று பார்க்கலாம். புளிப்பு மிதமானவை என்பதால் கோஸேக்குப் பொருந்தும் என்று நம்புகிறேன்.

இனி மனத்தாங்கலுக்கு வருகிறேன். யாரையும் குறித்துச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு உழைப்பவர்கள் பலர் உண்டு. ஆனால் இன்று காப்பிப் புளிப்பு என்று வருபவற்றில் பெரும்பாலானவை, இரண்டு நாளில் புளிக்கவைத்த கெட்டில் சவரில் குளிர்ந்த காப்பிச் சாற்றை ஊற்றியவை. சில வாரங்கள் கழித்துத் திறந்தால் குடைமிளகாய் வாடை. அந்தக் குற்றம் காப்பி பீரில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சீட்டில் ‘மூலிகை மணம்’ என்று எழுதி மதிப்பெண் கொடுக்கிறோம். வடிப்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, சுவைப்பவர் கெட்டால் வடிப்பவர் ஏன் திருந்த வேண்டும்? நான்கு டிகிரியில் உறைந்த கிண்ணத்தை நீட்டுகிறார்கள். மல்லிகை எங்கிருந்து எழும்? சோப்பு வாடை போகாத கிண்ணம். வாசனைத் திரவியம் பூசிய கை. முதல் மிடறு தொண்டையைத் தாண்டும் முன்பே எண் எழுதியாகிறது. மாலை ஒன்றில் இருபது பாட்டில். இருபதாவது பாட்டிலுக்கு நாக்கு எங்கே மிஞ்சியிருக்கிறது? படம் எடுத்து முடிவதற்குள் நுரை செத்துவிடுகிறது. முதிர்ச்சிக்குக் காத்திருக்க ஆலைக்கு மனமில்லை, பின்சுவைக்குக் காத்திருக்க நமக்கு மனமில்லை. மூன்று ஆண்டு பீப்பாயில் உறங்கிய ஒன்றுக்கு மூன்று நிமிடம்கூடத் தராத தலைமுறையாக நாம் ஆகிவிட்டோம். இப்படியே போனால் கூஸும் கிரீக்கும் பெயராக மட்டும் மிஞ்சும். எலுமிச்சைச் சாற்றில் சோடா கலந்து கொடுத்தாலும் விருது கொடுப்போம். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றலாம். பொறுத்துக்கொள்ள வேண்டும், நெஞ்சில் கிடந்து உறுத்துவதை மலரில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

பேர்செல் ஊரின் த்ரீ ஃபோன்டெய்னன் ஆலையை நடத்திய ஆர்மண்ட் தெபெல்டரை நம் மூத்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2009இல் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, கிடங்கிலிருந்த ஆயிரக்கணக்கான கூஸ் பாட்டில்கள் சூடேறி, வெடித்தவை போக மிச்சமும் கெட்டன. தொழிலே முடிந்துவிடும் நிலை. அந்தச் சரக்கைக் கூஸ் என்று சொல்லி அவர் விற்கவில்லை. காய்ச்சி வடித்து வேறொரு சாராயமாக்கி, வேறு பெயரில் விற்றார். 2022இல் அவர் மறைந்தார். தரம் என்ற சொல்லை நாம் எடுக்கும்போதெல்லாம் அவர் நினைவு வர வேண்டும்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த ஆண்டு விழாவில் ஆறு பாட்டிலுக்கு மேல் வைக்க வேண்டாம். பத்து முதல் பன்னிரண்டு டிகிரியில் பரிமாறுவோம். ஊற்றிக் கால் மணி நேரம் ஆகும்வரை யாரும் எண் எழுதக் கூடாது என்று விதி செய்வோம். காப்பி சேர்த்த பீர் என்றால், எந்தக் கொட்டை, என்ன வறுப்பு, எவ்வளவு நேரம் ஊறியது என்ற மூன்றையும் சொல்லாத பாட்டிலைப் போட்டியில் சேர்க்க வேண்டாம். பொதுக்குழு கூடும் அன்றே இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தரும்படி மூத்தவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.