மாணாக்கியர் மலை

கழுகுமலை ஏறுபவர்களில் பலர் வெட்டுவான் கோயில் விமானத்தைப் பார்த்து மலைத்துப்போய் அப்படியே இறங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய வேலை அது. ஆனால் இந்த மலையில் நான் ரசிப்பது இன்னும் சிறிய ஒன்றை. சமணத் திருமேனிகள் வரிசைகட்டி நிற்கும் பாறைமுகத்தில், அவற்றின் அடியில் ஓடும் வட்டெழுத்து வரிகள். பாண்டியர் காலத்தவை, எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டு.

எத்தனை சிக்கனமான வரிகள்! ஊர், ஆசிரியர் பெயர், மாணாக்கர் பெயர், ‘செய்வித்த திருமேனி’. அவ்வளவுதான். புகழ்மாலை கிடையாது. இப்படிப் பெயர் பொறித்தவர்களில் குரத்தியர் பலர், அதாவது சமணத் துறவுப் பெண் ஆசிரியர்கள். மிழலூர்க் குரத்தியார், பேரூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்தியார் என்று ஊர்ப்பெயரே அடைமொழியாகிறது. திருச்சாரணம் என்பது குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. மழையும் பச்சையும் கண்ட அந்த ஊரின் பெயர், வானம் பார்த்த கரிசல் காட்டுக்கு நடுவே இந்தப் பாறையில் இருக்கிறது.

ஒரு வரியை மட்டும் தனியே சொல்ல வேண்டும். மம்மைக் குரத்தியாரின் மாணாக்கி அரட்டநேமிக் குரத்தியார். மாணாக்கியும் குரத்தியாகிவிட்டார்! ஆனாலும் சிலை செய்விக்கும்போது தன் ஆசிரியையின் பெயரை முன்னால் வைக்கிறார். ஒரு பள்ளியின் இரண்டு தலைமுறை வரலாறு ஒரே வரிக்குள் அடங்கிவிட்டது. நம் பள்ளிகளின் ஆண்டுவிழா மலர்கள் இதைச் சொல்ல எத்தனை பக்கம் எடுத்துக்கொள்ளும்!

இதே மலையில் பாகுபலியும் இருக்கிறார். கொடிகள் உடலைச் சுற்றிப் படர அசையாமல் நிற்கிறார். இருபுறமும் அவருடைய சகோதரியர், பிராமியும் சுந்தரியும். பார்ப்பவர் கண் பாகுபலியிடமே போகும். நான் அந்தப் பெண்களைப் பார்க்கச் சொல்வேன். தந்தை ரிஷபதேவர் எழுத்தைக் கற்பித்தது பிராமிக்கு, எண்ணைக் கற்பித்தது சுந்தரிக்கு என்பது சமண மரபு. அந்த மரபில் முதல் மாணாக்கியர் இவர்களே. மூத்தவள் பெயரைத்தான் பிராமி எழுத்து தாங்கியிருக்கிறது. அதன் தமிழ் வடிவத்திலிருந்து வளர்ந்ததே வட்டெழுத்து. குரத்தியரும் மாணாக்கியரும் இம்மலையில் தங்கள் பெயரை வெட்டுவித்தது அந்த எழுத்தில்தான்.