வெர்மீரின் டெல்ஃப்ட் காட்சியும் ஒரு பெயரடையும்

யொஹானஸ் வெர்மீர் ஏறத்தாழ 1660-61இல் தீட்டிய 'டெல்ஃப்ட் நகரக் காட்சி' ஹேக் நகரின் மொரிட்சுஹவுஸ் கலைக்கூடத்தில் உள்ளது. கால்வாய்கள் நிறைந்த அந்நகரின் முன்வரிசையை மேகநிழலில் ஆழ்த்தி, ஒளியை உட்பகுதிக்குத் தள்ளிவைத்துள்ளார் ஓவியர். கண் நிழலைக் கடந்த பின்னரே புதிய தேவாலயக் கோபுரத்தின் வெளிர்மஞ்சளை அடைகிறது. இடப்புறச் செங்கூரைகளின் சொரசொரப்பும் படகின்மீது தெறித்த வெண்புள்ளிகளும் ஒளியைத் தொட்டுணரத்தக்க பொருளாகவே ஆக்கிவிடுகின்றன.

1921இல் பாரிசில் இதனைக் கண்ட மார்செல் புரூஸ்ட், 1923இல் வெளிவந்த தம் புதினப் பகுதியில், பெர்கோத் என்னும் எழுத்தாளரை இவ்வோவியத்தின் மஞ்சள் தோய்ந்த ஒரு சிற்றிடத்தின் முன் உயிர்விடச் செய்தார். பிரெஞ்சுத் தொடரில் 'மஞ்சள்' என்னும் பெயரடை இறுதியில் நிற்கிறது. அது சுவரையும் தழுவலாம், சுவரின் பகுதியையும் தழுவலாம். முன்னதாயின் சுவரே மஞ்சள். பின்னதாயின் வெயில் பட்ட துண்டு மட்டுமே மஞ்சள். நிறமா, ஒளியா என்பதே இங்கு வினா. 'மஞ்சட்சுவரின் சிறுபகுதி' எனத் தமிழாக்கினால், கேளாமலே அவ்வினாவைத் தீர்த்துவிடுகிறோம். 'சிறு மஞ்சட் சுவர்ப்பகுதி' எனத் தொகையாக்கின் மயக்கம் நிலைக்கும். தொகை பொருள்மயங்குதலை நன்னூலாரும் ஏற்றவரே. இத்தனைக்கும், ஓவியத்தின் வலப்புறத்தில் பலர் சுட்டிக்காட்டும் அம்மஞ்சள் சுவரன்று, கூரைச்சரிவே என்பாரும் உளர்.