தொப்பியைக் கழற்றிய விருந்தினர்

இன்றைய கதைகள் பலவற்றில், ஒருவன் வீட்டுப்படி ஏறுமுன்பே அவன் கருமி, கல்நெஞ்சன் என்று எழுதப்பட்டுவிடுகிறது. தீர்ப்பை முதலிலேயே படித்துவிட்ட வாசகனுக்கு வழக்கைக் கேட்கும் ஆவல் எங்கிருந்து வரும்?

ஹிஜ்ரி 255இல் பஸ்ராவில் மறைந்த அல்ஜாஹிழ், உலோபிகளைப் பற்றியே 'கிதாபுல் புகலா' என்றொரு நூல் செய்தார். அதில் குராசானின் மர்வு நகரத்து வணிகன் ஒருவன் வருகிறான். இராக்கிலுள்ள நண்பர் வீட்டில் பலமுறை தங்கி உண்டவன். தன் ஊருக்கு வந்தால் கைம்மாறு செய்வதாகச் சொல்லிச் சொல்லிச் சென்றவன். பின்னொரு காலம் அந்த இராக்கியர் மர்வுக்கே செல்கிறார். ஆவலோடு தழுவுகிறார், அவனோ முன்பின் அறியாதவன்போல் இருக்கிறான். முகத்திரைதான் மறைக்கிறது போலும் என்று அதை விலக்குகிறார். பிறகு தலைப்பாகை. பிறகு தொப்பி. இனி எதைக் களைந்தாலும் பயனில்லை என்பதை மர்வுக்காரன் தன் வாயாலேயே உணர்த்திவிடுகிறான்.

நூலின் தலைப்பில் உள்ளதே தவிர, இக்கதைக்குள் கருமி என்ற சொல்லுக்கு வேலையில்லை. அதனினும் நுட்பம், விருந்தினரின் இயல்பும் அதே செயலில் வெளிப்படுவது. நண்பனின் நெஞ்சை ஐயுறாமல் தம் உடையையே ஐயுறுகிறார் அந்த மனிதர்! அவர் வெள்ளை உள்ளத்தவர் என்று முன்னரே ஒரு வரி எழுதியிருந்தால், அவர் தொப்பியில் கை வைக்கும்போது நமக்கு உண்டாகும் கூச்சம் உண்டாகியிராது.