பாஸ் யாரைப் பார்க்கிறது?

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆன்லைன் விளையாட்டில், பலர் கூடி 'பாஸ்' என்ற பெரும் எதிரியைத் தாக்கும் ரெய்டு வீடியோவைப் புதிதாகப் பார்ப்பவர் கண்ணில் படுவதெல்லாம் நெருப்பும், தாறுமாறாகத் துள்ளும் எண்களும்தான். அவற்றை விடுங்கள். பாஸின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அது திரும்பாமல் நின்றால், நாற்பது பேர் கட்டுப்பாட்டோடு ஆடுகிறார்கள் என்று அர்த்தம்.

யார் மேல் எவ்வளவு கோபம் என்று பாஸ் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கும். 'த்ரெட்' என்பார்கள். அந்தக் கணக்கில் அடிதாங்கி நிற்கும் டேங்க்தான் முதலில் இருக்க வேண்டும். டேங்கின் த்ரெட் 1000 என்றால், பக்கத்தில் நின்று வெட்டுபவர் 1100-ஐத் தாண்டினால்தான் பாஸ் அவர்மேல் பாயும். தள்ளி நின்று மந்திரம் ஏவும் மேஜுக்கு 1300 வரை இடமுண்டு. மற்றவர்களுக்கு உயிரேற்றும் ஹீலரும் தப்ப முடியாது. ஏற்றிவிட்ட உயிரில் பாதி அவர் பேரில் ஏறும். சண்டை சூடுபிடிக்கையில் ஹண்டர் வகை வீரர் பொத்தென்று செத்து விழுந்தால் பதறாதீர்கள், நடிப்புதான். எழும்போது கணக்கு சுழியாகியிருக்கும்!

இந்த வித்தையை முழுசாக ரசிக்க நான் கைகாட்டுவது, 2005இல் வந்த பிளாக்விங் லேர் ரெய்டின் பாஸ் வேலஸ்ட்ராஸ். இந்த டிராகன் 30 சதவீத உயிரோடுதான் சண்டையைத் தொடங்கும். மந்திரம் ஏவத் தேவையான மானாவையும் அதுவே எல்லோருக்கும் வாரி வழங்கும். தாராளம் அல்ல, தூண்டில். கை அரிக்கிற மேஜ்கள் வெளுத்துக்கட்டுவார்கள், த்ரெட் எகிறும். இதற்கிடையே டேங்கின் மேல் 'பர்னிங் அட்ரினலின்' என்ற சாபம் விழும். அதன்பின் அவர் பிழைக்க மாட்டார், இருபதே நொடி. வேறு பாஸாக இருந்தால் இன்னொரு டேங்க் 'டான்ட்' என்ற சீண்டலைப் போட்டு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். இங்கே அது செல்லாது. முதல் டேங்க் சாயும் நொடியில் பட்டியலில் இரண்டாவதாக இருப்பவர் யாரோ, அவரிடம்தான் பாஸ் போகும். அவர் அடுத்த டேங்காக இருந்தால் சண்டை தொடரும். மேஜாக இருந்தால், டிராகன் கூட்டத்தின் பக்கம் திரும்பி நெருப்பை ஊதும். கதை முடிந்தது.

எனவே திரையோரத்து த்ரெட் மீட்டரில் முதல் வரியைவிட இரண்டாவது வரியைக் கவனியுங்கள். அங்கே அடுத்த டேங்கான வாரியரின் பெயர் நிலைக்க, மற்ற முப்பத்துச் சொச்சம் பேர் தங்கள் ஆசையை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். டேமேஜ் பட்டியலில் முதலிடம் பிடிப்பதைவிட இது கஷ்டம் என்பேன்.

2011இல் டேங்குகளின் த்ரெட்டை, அவர்கள் கொடுக்கும் டேமேஜின் மூன்று மடங்கிலிருந்து ஐந்து மடங்காக உயர்த்தினார்கள். ஆடுபவர்களுக்கு நிம்மதி, பார்ப்பவர்களுக்குக் காரம் குறைந்துபோனது. ஆகவே வீடியோ தேடும்போது பழைய விதிகளோடு 2019இல் திரும்பி வந்த 'கிளாசிக்' பதிப்பாகப் பார்த்துத் தேடுங்கள். ரெய்டு லீடரின் குரல் கேட்கிற வீடியோவாக இருந்தால் இன்னும் நல்லது. "அடிக்காதே, நிறுத்து" என்ற அலறல்தான் அதில் பாதி சுவாரஸ்யம்.