எல்லாக் கேள்விக்கும் மரபணு வரிசையே விடையா?

"கிருமியின் மரபணு வரிசையைப் படித்துவிட்டால் போதும், நுண்ணோக்கியும் கிருமி வளர்ப்பும் இனிப் பழங்கதையே" என்று வாதிடுவோர் உண்டு. காசநோயைக் கொண்டு இவ்வாதத்தை உரைத்துப் பார்ப்போம்.

சளியில் சாயமேற்றி நுண்ணோக்கியில் காண்பது மலிவான முறை. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அவை கண்ணில் படும். வளர்ப்புச் சோதனைக்குச் சில கிருமிகளே போதும். ஆயினும் முடிவு தெரிய 8 வாரங்கள்கூட ஆகலாம். மரபணு வரிசையின் சிறப்பு வேறு. காசநோய்க் கிருமியின் 44 லட்சம் எழுத்துக்கள் கொண்ட முழு வரிசை 1998இல் வெளியாயிற்று. எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து பலிக்காது என்பதைப் பல மருந்துகளுக்கும் ஒருசேர அது காட்டுகிறது.

இங்கே இரண்டு செய்திகளை மறக்கலாகாது. முழு வரிசையைப் படிக்கத் தேவையான டி.என்.ஏ. பெரும்பாலும் வளர்ப்புச் சோதனையிலிருந்தே கிடைக்கிறது. மேலும், செத்த கிருமியிலும் டி.என்.ஏ. இருக்கும், ஆகவே சிகிச்சை பலிக்கிறதா என்று அறிய வளர்ப்பே நம்பகமானது.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு விடாத இருமல் என்று வைத்துக்கொள்வோம். சோதனைக்கு அலையும் ஒவ்வொரு நாளும் அவருக்குக் கூலி இழப்பு. 'இது காசநோயா? முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் பலிக்குமா?' என்பவையே அவருடைய முதல் கேள்விகள். கோவாவில் தயாராகும், மின்கலத்தில் இயங்கும் 'ட்ரூநாட்' கருவி சில மணி நேரத்தில் விடை தரும். இது மரபணுவின் சிறு பகுதியை மட்டும் தேடும் சோதனை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் இதைப் பரிந்துரைத்தது.

'உயிருக்கு ஆபத்தா?' என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பிலாத் திட்டம்' இதற்கு உயரத்துக்கேற்ற எடை, மூச்சு வேகம், இரத்த ஆக்சிஜன், கால் வீக்கம், தானே நிற்க முடிகிறதா என்பவற்றையே பார்க்கிறது. எந்த மரபணு வரிசையும் இதைச் சொல்லாது.

உப்புநீர் 25 போமே டிகிரியை எட்டிவிட்டதா என்றறிய மிதவைமானி போதும். அந்நீரில் ஈயம் கலந்துள்ளதா என்று கேட்டால் மிதவைமானி பேசாது, நிறமாலைமானி வேண்டும். கேள்விதான் கருவியைத் தேர்ந்தெடுக்கிறது.

முதல் மருந்துகளுக்கு அடங்காத கிருமி, புதுவகைத் தொற்று ஆகியவற்றுக்கு மரபணு வரிசை இன்றியமையாதது. கொரோனா வகைகளை இனங்காண 2021இல் சென்னையில் தமிழக அரசு அமைத்த ஆய்வுக்கூடம் அதற்குச் சான்று. ஆனால் உப்பளத் தொழிலாளிக்கு அருகிலேயே, அன்றே விடை தரும் எளிய சோதனை கிடைக்காதவரை, அந்த 44 லட்சம் எழுத்துக்களால் அவருக்குப் பயன் சிறிதே.