அழகர் கையில் வளைதடி

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை புறப்படும் அழகர் கண்டாங்கி உடுத்தி, உருமால் கட்டி, வளைதடியும் நேரிக்கம்பும் ஏந்தி வருகிறார். ஊரே பார்த்துக் கும்பிட்ட கோலம்தான். கள்ளர் நாட்டு ஆயுதம் பெருமாள் கைக்கு எப்படி வந்தது என்று விசாரிக்கப் போனார் தொ. பரமசிவன். 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவரது முனைவர் பட்ட ஆய்வான ‘அழகர் கோயில்’ இத்தகைய விசாரணைகளால் நிறைந்தது.

தலபுராணம், கல்வெட்டு என்று அவர் நின்றுவிடவில்லை. கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் என ஒவ்வொருவருக்கும் அக்கோயிலோடு உள்ள உறவைத் தனித்தனியே கேட்டு எழுதுகிறார். தோல்பையில் நீர் நிரப்பித் துருத்தியால் பீய்ச்சுகிறவர், திரியெடுத்து ஆடுகிறவர், சாட்டையடிக்கிறவர்: பிறர் ‘பக்தர் கூட்டம்’ என்று கடந்துவிடும் இடத்தில் இவருக்கு ஆள் ஆளாகத் தெரிகிறார்கள். சாத்திய கதவுக்கே சந்தனம் பூசி வணங்கப்படும் பதினெட்டாம்படிக் கருப்பன், வைணவப் பெருங்கோயிலின் வாசலை ஏன் காக்கிறான் என்பதில் அவர் காட்டும் பொறுமை அபாரம். இத்தனைக்கும் பெரியாரைப் போற்றியவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். கும்பிடும் கையை இவ்வளவு மரியாதையோடு கவனித்த நாத்திகரை நான் வேறெங்கும் படித்ததில்லை.

1950இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். இளையான்குடியிலும் மதுரை தியாகராசர் கல்லூரியிலும், பிறகு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பித்தார். உப்பும் உரலும்கூட அவருக்குப் பாடப்பொருள். சமமான காய்களோடு தொடங்கி, ஒருவர் குவிக்க மற்றவர் வெறுங்கையாகும் பல்லாங்குழியில் தனிச்சொத்தின் பிறப்பையே படித்துக் காட்டினார். 2020 டிசம்பரில் மறைந்தார்.

அவரைப் படித்த கண்ணுக்கு, சவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரின் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை வெறும் விலைபேசல் அல்ல. இந்தக் கிடா எந்தச் சாமிக்கு? யார் நேர்ந்துகொண்டது? வெட்டியபின் தலை யாருக்குப் போகும்? மேலே மலையில், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லும் மலையாளிப் பழங்குடி மக்களின் சாமிகளிடமும் இப்படிக் கேட்க நிறைய இருக்கிறது. அடிவாரப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, தங்கள் ஊர்ச் சாமி எந்தத் திசை பார்க்கிறது, என்ன படைக்கிறார்கள், யார் பூசாரி என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். அம்மன் ஏன் ஆயுதத்தோடு வடக்கு பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று தொ.ப. கேட்டாரே, அதையே முதல் கேள்வியாக வைக்கலாம்.